கையைப் பார்த்து எழுதிய டிக்டேஷன்

மதுரையில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளியில் முதல் பாரத்துக்கு, அதாவது ஆறாம் வகுப்புக்கு, இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க என்னைத் தற்காலிகமாக வைத்திருந்தார்கள். அந்த வருஷ இன்ஸ்பெக்‌ஷன் நல்லபடியாக முடிந்தால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் பேரையூருக்கே திரும்ப வேண்டியதுதான். அங்கே போய் அண்ணிக்கு அடங்கி உட்கார எனக்குச் சுத்தமாக மனசில்லை.

இங்கிலீஷ்காரன் மேல் எனக்கு ஒரே கோபம். பார்ப்பதற்கும் ‘ஸீ’, கடலுக்கும் ‘ஸீ’. மகனும் ‘சன்’, சூரியனும் ‘சன்’. எழுத்து மட்டும் வேறு வேறு. அவனுக்கு வார்த்தைக்கா பஞ்சம்? கடலையே பார்த்திராத இருபத்திரண்டு பெண்கள், எதை எழுதுவதென்று தெரியாமல் பேனாவைக் கடித்துக்கொண்டு முழித்தார்கள். நானும் கடலைப் பார்த்ததில்லை என்பதை அவர்களிடம் சொல்லவில்லை.

அதனால் ஒரு வழி செய்தேன். டிக்டேஷன் சொல்லும்போது நான் கண்ணைத் தொட்டால் பார்ப்பது. கையை அலைபோல ஆட்டினால் கடல். அண்ணாந்து பார்த்தால் சூரியன். பிள்ளையைத் தாலாட்டுவதுபோல் கையை வைத்தால் மகன். ஒரே மாதத்தில் வகுப்பில் தப்பே இல்லை. எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. பக்கத்து வகுப்பு டீச்சர், “ஏம்மா, பாடம் நடத்துறியா, டான்ஸ் ஆடுறியா?” என்று கேட்டதைப் பொறாமை என்று தள்ளிவிட்டேன்.

இன்ஸ்பெக்டர் வந்தார். காளவாசல் பக்கமிருந்து ஜட்காவில் வந்தவருக்குக் கண்ணில் தூசி. டிக்டேஷனை அவரே சொன்னார். மீனவனுடைய மகன் கடலுக்குப் போனான் என்று ஒரு வாக்கியம். ‘சன்’ என்றபோது உத்தரத்தில் ஓடிய அணிலை அண்ணாந்து பார்த்தார். ‘ஸீ’ என்றபோது கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். இருபத்திரண்டு பேரும் அவரையே பார்த்துப் பார்த்து எழுதினார்கள். மீனவனுடைய சூரியன் பார்க்கப் போய்விட்டது.

“எல்லாருக்கும் ஒரே தப்பு! காப்பி அடிக்கப் பழக்கி வச்சிருக்கீங்களா?” என்று அவர் சீறினார். முன்பெஞ்சுப் பெண் அழ ஆரம்பித்தாள். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் பழி பிள்ளைகள் மேல் விழும்; திறந்தால் என் வேலை போகும். பேரையூர் பஸ் கண்முன்னே வந்து நின்றது. ஆனாலும் அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை.

“அய்யா, அவங்க காப்பி அடிக்கலை. உங்களப் பாத்துத்தான் எழுதுனாங்க” என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அலைபோல் கையை ஆட்டியும் காட்டினேன்.

அவர் சிரிக்கவில்லை. “இப்ப நீங்களே சொல்லுங்க. கையைப் பின்னால கட்டிக்கிட்டு, தலைய ஆட்டாம.”

ஒரு தாய் தன் மகனோடு கடலைப் பார்க்கப் போனாள் என்று இங்கிலீஷில் சொன்னேன். எல்லா முகங்களும் என்னைத் தேடின. என்னிடம் ஒன்றும் கிடைக்கவில்லை. ஒரு பேனாவும் அசையவில்லை. பிறகு, அழுத பெண்ணின் இடது கை தானாகத் தாலாட்டியது. கண்ணைத் தொட்டாள், அலையை ஆட்டினாள், குனிந்து எழுதினாள். அவளைப் பார்க்காமலே பின்பெஞ்சிலும் கைகள் ஆடின.

நோட்டுகளைப் பார்த்து ஒரு தப்பும் காணாத இன்ஸ்பெக்டர், “இந்தம்மாவை வச்சுக்கிடுங்க” என்று கூட வந்திருந்த பெரிய டீச்சரிடம் சொன்னார். அத்தனை பேர் முன்னால் நான் விம்மி அழுதுவிட்டேன். வேலை நிலைத்த சந்தோஷம் என்று எல்லோரும் நினைத்தார்கள். அதுவும்தான். ஆனால் நான் இல்லாமலே எழுதிவிட்டார்களே என்கிற பொறாமைதான் அதில் பாதி.