இசக்கி சொன்னா சரிதான்

தி.நகரில் பெரிய டிவி வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர், டிவியைத் தேடுவதற்கு முன் இசக்கிமுத்துவைத்தான் தேடுவார்கள். பொன்ராஜ் அண்ணாச்சி கடையின் முதல் மாடியில் எழுபத்தைந்து, எண்பத்தைந்து இஞ்ச் என்று சுவர் முழுக்க டிவிகள் எரிந்துகொண்டிருக்கும். எல்லாவற்றிலும் கம்பெனிக்காரன் கொடுத்த அருவியும் கிளியும் ஓடும். அதை நம்பி வாங்குவது பைத்தியக்காரத்தனம் என்பது இசக்கிமுத்துவின் கட்சி. வீட்டில் தினமும் யார் கிளி பார்க்கப் போகிறார்கள்? உங்கள் வீட்டுக் கல்யாண வீடியோவைப் பென்டிரைவில் கொண்டுவாருங்கள் என்பார். கடைக்காக ஏற்றி வைத்த திரை வெளிச்சத்தை வீட்டு அளவுக்கு இறக்குவார். கல்யாணத்தை ஓடவிட்டு, கல்யாணப் பெண்ணின் புடவையைப் பார்ப்பார். நிறம் சரியாக விழுந்தால் டிவி சரி, அவ்வளவுதான்.

சாத்தான்குளத்திலிருந்து பதினெட்டு வயதில் வந்து, இருபது வருஷம் பட்டுப்புடவை கவுண்டரில் நின்றவர் அவர். அரக்குக்கும் மெரூனுக்கும் வித்தியாசம் தெரியாதவர்களை அவர் மனிதர்களாகவே மதித்ததில்லை. அண்ணாச்சி டிவி கடை திறந்தபோது, "ஒன் கண்ணு எனக்கு வேணும் டே" என்று சொல்லித்தான் அழைத்துக்கொண்டார்.

அந்தக் கண்தான் இரண்டு வருஷமாகப் போய்க்கொண்டிருந்தது. சர்க்கரை. நிறங்கள்தான் முதலில் மங்கின. போனது போனதுதான், ஊசி போட்டு மிச்சத்தைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மனைவி தேவானைக்கு மட்டும் தெரியும். கடையில் தெரிந்தால் அண்ணாச்சி விரட்டிவிட மாட்டார், அவர் அப்படிப்பட்டவர் இல்லை. கீழே குடோனில் அட்டைப்பெட்டிக்குக் காவல் உட்காரவைப்பார். சம்பளம் வரும். ஆனால் இசக்கி என்கிற பேர் இருந்தது மாடியில். அதை விட்டுவிட அவருக்கு மனசில்லை.

ஒவ்வொரு டிவியின் குணமும் மனப்பாடம் என்பதால் அதை வைத்தே ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு திங்கட்கிழமை காலையில் புதிதாக இரண்டு டிவிகள் வந்து இறங்கின. அவற்றைப் பற்றி யாரும் பேசி அவர் கேட்பதற்குள், மயிலாப்பூரிலிருந்து பரத்வாஜும் அவர் மனைவி சுப்புலக்ஷ்மியும் வந்துவிட்டார்கள். மகள் வர்ஷினி கல்யாணமாகிக் கனடா போய் ஆறு வருஷம் ஆகிறது. ஒரு தரம்கூட வரவில்லை. அவளைச் சுவர் அளவுக்குப் பார்க்க வேண்டுமென்று மாமிக்கு ஆசை.

புது டிவிகள் இரண்டிலும் கல்யாணம் ஓடியது. ஒன்று மற்றதைவிட ஒரு லட்சம் விலை கூடியது. வர்ஷினி கட்டியிருந்தது மயில்கழுத்து நிறப் பட்டு என்று மாமி சொன்னார். இசக்கிமுத்து முன்னால் போய்ப் பார்த்தார், பின்னால் வந்து பார்த்தார். இரண்டிலும் ஒரே சாம்பல். பக்கத்தில் நின்ற விற்பனைப் பையனிடம் கேட்டிருக்கலாம். கேட்க வாய் வரவில்லை.

"ரெண்டும் ஒண்ணுதான் சார்," என்றார். "அதுக்கு ஒரு லட்சம் கூடக் குடுக்காண்டாம்."

விலை கூடியதில்தான் புடவை சரியாகத் தெரிகிறதோ என்று மாமி தயங்கினார். பரத்வாஜ் கேட்கவில்லை. இசக்கி சொன்னா சரிதான் என்றார். விலை குறைந்ததைக் கைகாட்டும் விற்பனைக்காரனை இந்த ஊரில் எங்கே பார்ப்பது என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையை இழுத்துக்கொள்ளவும் முடியாமல் இசக்கிமுத்து கூசிப்போய் நின்றார்.

பெரிய டிவி மாட்டும்போது கூடவே போவது அவர் வழக்கம். புதன்கிழமை மத்தியானம் போனார். மாட்டுகிற ஆட்கள் சுவரில் மாட்டி, கல்யாணத்தை ஓடவிட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். மாமி உள்ளே போய் அந்தப் புடவையையே பீரோவிலிருந்து எடுத்துவந்தார். வெயில் படாமல் பத்திரமாக வைத்திருந்த புடவை. திரைக்குப் பக்கத்தில் விரித்துப் பிடித்தார்.

பரத்வாஜ் நெற்றியைச் சுருக்கினார். "என்ன இசக்கி, டிவியில பச்சையா இருக்கே. புடவையில நீலம்னா அடிக்கறது?"

இசக்கிமுத்து குனிந்து பார்த்தார். திரையைப் பார்த்தார், புடவையைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். கடைசியில் கையை நீட்டிப் பட்டைத் தடவினார். அசல் காஞ்சிபுரம் என்று விரல் சொன்னது. அதற்குமேல் அதற்கும் தெரியவில்லை.

மாமி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு புடவையை மெல்ல மடித்தார்.

"ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு. உங்களுக்குத்தான் சரியாத் தெரியலை, விடுங்கோ," என்று கணவரிடம் சொன்னார்.

இசக்கிமுத்துவுக்கு அந்தக் குரல் தெரியும். கையில் காசு போதாமல் மட்டமான பட்டை எடுக்கிறவர்களிடம், இதுவும் நல்ல பட்டுதான் என்று அவரே அந்தக் குரலில் எத்தனை தரம் சொல்லியிருக்கிறார். மாமி கொடுத்த காபியைக் குடித்தார். இந்த அம்மாள் இனி தினமும் பெற்ற பெண்ணைத் தப்பான நிறத்தில் பார்க்கப் போகிறாள், அதுவும் தனக்காக வாயை மூடிக்கொண்டு.

வாசலுக்கு வந்து செருப்பை மாட்டாமலே அண்ணாச்சிக்குப் போன் போட்டார். இந்த டிவியைத் திருப்பி எடுத்துக்கொண்டு மற்றதைக் கொடுக்கணும், விலை வித்தியாசத்தைத் தன் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாம் என்றார். டிவியில் என்ன கோளாறு என்று அண்ணாச்சி கேட்டார்.

"டிவில ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. என் கண்ணுதான்."

அந்தப் பக்கம் கடைச் சத்தம் குறைந்தது; அண்ணாச்சி வெளியே வந்துவிட்டார்.

"எந்தக் கண்ணு டே?"

"ரெண்டும்தான்," என்றார் இசக்கிமுத்து.