குளத்தில் போட்ட உப்பு

ஐஸைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்று ரொம்ப காலம் திமிராகவே இருந்தேன். காசிமேட்டில் ஒரு ஐஸ் ஃபேக்டரியில் டோக்கன் கொடுக்கிற வேலை எனக்கு. வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர். அவர் படகில் ஏறுகிற ஐஸும் என் டோக்கனில்தான் ஏறும். தகர டப்பாக்களில் நல்ல தண்ணீர் ஊற்றி உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி வைப்பார்கள். சுற்றி இருக்கிற உப்புத் தண்ணீர் எவ்வளவு குளிர்ந்தாலும் உறையாது, உள்ளே இருக்கிற நல்ல தண்ணீர் பாறையாகிவிடும். உப்பு பட்ட இடத்தில் ஐஸ் நிற்காது என்பது அங்கே கூட்டிப் பெருக்குகிறவருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று தப்பிக்க எனக்கு வழியில்லை.

என் மகள் தண்டையார்பேட்டை மைதானத்தில் சக்கர ஸ்கேட்டிங் பழகியவள். அவளுக்குப் பதினைந்து வயதானபோது கோச் அவள் கையில் ஒரு வளைந்த மட்டையைக் கொடுத்தார். ஐஸ் ஹாக்கி என்று ஒரு விளையாட்டு, வடக்கே மலைப்பக்கம் மட்டும் ஆடிக்கொண்டிருந்தார்கள், இப்போது மாநிலத்துக்கு ஒரு டீம் எழும்புகிறது, நம்ம ஊரிலும் பெண்கள் டீம் வேண்டும் என்றார். ஐஸுக்கு எங்கே போவது என்று கேட்டேன். சிமெண்டு தரையில் சக்கரத்தோடு பழகினால் போதும், போட்டிக்குப் போகும்போது சக்கரத்துக்குப் பதில் பிளேடு மாட்டிக்கொள்ளலாம் என்றார். மே மாத வெயிலில், தலையில் ஹெல்மெட், காலில் கனத்த பேடு, பனி விளையாட்டுக்குப் பயிற்சி! பேடும் கடையில் வாங்கினதில்லை. ஆட்டோவுக்கு சீட் தைக்கிறவரிடம் சொல்லி, ஸ்பாஞ்சு வைத்து ரெக்ஸினில் தைத்தது.

தெருவில் சும்மா விடுவார்களா? எதிர்வீட்டு மீன்கார அக்கா தினமும் கேட்பாள்: "இன்னாடி, உன் பொண்ணு ஐஸ் வெளாட்டு ஆடுதாமே, பால் ஐஸா, சேமியா ஐஸா?" வீட்டுக்காரரும் ஆரம்பத்தில் முறைத்துக்கொண்டுதான் இருந்தார். அவளைக் கோல்கீப்பராகப் போட்டார்கள் என்று கேட்டதும் சிரித்துவிட்டார். "அது கரீட்டு. சின்ன வயசுலயே வாசல மறிச்சிக்கினு எவனையும் உள்ள உடாது அது."

போன குளிர்காலத்தில் லடாக்கில் போட்டி. பெண் பிள்ளைகளோடு துணைக்கு ஒரு அம்மா வரவேண்டும் என்றார் கோச். ஃபேக்டரியில் கெஞ்சிக் கூத்தாடி லீவு வாங்கிக்கொண்டு நான் போனேன். டெல்லி வரை ரயில், அங்கிருந்து விமானம், அப்புறம் வேனில் ஒரு மலைக் கிராமம். ஊரை ஒட்டி ஒரு குளம், முழுக்க உறைந்து கிடந்தது. அதுதான் மைதானம். ராத்திரி மேலே தண்ணீர் பாய்ச்சி விடுவார்கள், காலையில் கண்ணாடியாக இருக்கும். நம் பிள்ளைகள் முதல் நாள் அதில் கால் வைத்ததும் ஒருத்தி பின் ஒருத்தியாகத் தொப்பென்று விழுந்தார்கள். என் மகள் கோல் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "மா, இது நம்ம ஐஸ் இல்லமா" என்றாள்.

முதல் ஆட்டத்தில் பதினொரு கோல் வாங்கினார்கள். இரண்டாவதில் ஒன்பது. ஆனால் அவள் தடுத்தவற்றை எண்ணி மாளாது. அந்த ஊர்க்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள், வரிசையில் நின்று அவளோடு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அன்று சாயங்காலமே பிள்ளைக்குத் தலைவலி, வாந்தி. உயரத்துக்கு உடம்பு பழகவில்லை, தண்ணீர் குடித்துப் படுத்தால் சரியாகும் என்றார் கோச். எனக்கு மனசு ஒப்பவில்லை. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது. அத்தனை கண் பட்டிருக்கிறதே!

எங்கள் தெருவில் கண் கழிக்கிற முறை ஒன்று உண்டு. கல்லுப்பும் காய்ந்த மிளகாயும் கையில் மூடி, வலமும் இடமும் மூன்று தரம் சுற்றி, பிள்ளையைத் துப்பச் சொல்லி, நேரே கடலில் கொண்டுபோய்ப் போடுவோம். உப்பு கரைகிற மாதிரி கண்ணும் கரைய வேண்டும். வழியில் யாரிடமும் பேசக்கூடாது, திரும்பிப் பார்க்கவும் கூடாது. உப்பும் மிளகாயும் ஊரிலிருந்தே முடிந்து கொண்டுபோயிருந்தேன். மறுநாள் விடிந்ததும் படுக்கையிலேயே அவளுக்குச் சுற்றினேன். எங்கே போடுவது? குழாயெல்லாம் உறைந்து கிடந்தது. வாளியில் இருந்தது குடிக்கிற தண்ணீர். கடலுக்குப் பதில் அந்த ஊரில் இருந்த ஒரே தண்ணீர் அந்தக் குளம்தான். மூடிய கையோடு நடந்தேன். பாதை போய் முடிகிற இடத்தில் ஒரு கோல் கம்பம் நின்றது. அதன் முன்னால் வீசிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் அது எனக்கு ஐஸாகத் தெரியவில்லை. தண்ணீராகத்தான் தெரிந்தது.

மதியம் மூன்றாவது ஆட்டம். தலைவலி விட்டுவிட்டது, ஆடுகிறேன் என்று இறங்கினாள். எங்கள் பெண் ஒருத்தி அடித்த வட்டு யார் மட்டையிலோ பட்டுத் திரும்பி எதிர் டீம் கோலுக்குள் போய்விட்டது. ஒன்றுக்குப் பூஜ்யம்! முடிய இரண்டு நிமிஷம் இருக்கும்போது அந்தப் பக்கத்துப் பெண் ஒருத்தி எல்லாரையும் தாண்டிக்கொண்டு தனியாக வந்தாள். என் மகள் வயசுதான் இருக்கும், பின்னல் ஹெல்மெட்டுக்கு வெளியே ஆடியது. கோலுக்கு முன்னால் வந்ததும் அவள் பிளேடு எதிலோ குத்தி நின்றது, உடம்பு மட்டும் நிற்காமல் பறந்தது. போய்க் கம்பத்தில் மோதினாள். அவள் அலறியது இன்னும் என் காதில் இருக்கிறது. கை எலும்பு இரண்டாக முறிந்துவிட்டது.

அவளைத் தூக்கிக்கொண்டு போனபிறகு நான் கிட்டே போய்ப் பார்த்தேன். காலையில் நான் நின்ற அதே இடம். ஐஸ் அம்மைத் தழும்பு மாதிரி குழிகுழியாக இருந்தது.

அந்த ஆட்டத்தில் ஜெயித்தோம். எங்கள் டீமின் முதல் வெற்றி. பிள்ளைகள் கட்டிப்பிடித்து அழுதார்கள். காலையில் சுற்றிப் போட்டதை மட்டும் என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்த வீட்டுக்காரர் போனில் கத்தினார்: "சுத்திப் போட்டியே, அதான்மே! பாத்தியா!" நான் போனை வைத்துவிட்டேன். அன்றே சொல்லியிருக்கலாம். சொன்னால் ஆட்டத்தை ரத்து செய்துவிடுவார்கள், கோல்கீப்பரின் அம்மாவே கோலுக்கு முன்னால் குழி தோண்டினாள் என்பார்கள், பிள்ளை தலை நிமிர முடியாது என்று வாயை மூடிக்கொண்டேன்.

எங்கள் ராயபுரம் வந்து இறங்கினால் தெருமுனையில் என் மகள் படத்தோடு ஃப்ளெக்ஸ் பேனர். மீன்கார அக்கா ஒரு முழு வஞ்சிரத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். எனக்கு ஒரு துண்டுகூட இறங்கவில்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். என் பாவத்துக்கு எங்கேயோ ஒரு பெண் கட்டுப் போட்டுக்கொண்டு கிடக்கிறாள். கோச்சிடம் சும்மா கேட்பதுபோல அவளைப் பற்றிக் கேட்டேன். முறிந்த எலும்பைச் சேர்க்கக் கைக்குள் இரும்புத் தகடு வைத்திருக்கிறார்களாம், மறுபடி ஆடுவாளா என்று தெரியாதாம். "ஐஸ்ல இதெல்லாம் சகஜம் சிஸ்டர்" என்றார். ஃபேக்டரியில் உப்பு மூட்டை வந்து இறங்கினால் நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன்.

அப்புறம், இந்திய டீமுக்கு ஆள் எடுக்கிற பயிற்சி முகாமுக்கு என் மகளைக் கூப்பிட்டுவிட்டார்கள். கூப்பிட்ட காரணமே அந்த ஒரு வெற்றிதான். இனி சொன்னால் அதுவும் போய்விடும். வீட்டில் ஒரே கொண்டாட்டம். கிளம்புகிற அன்று காலையில் வீட்டுக்காரர் என்னைப் பார்த்து, "இன்னா பாத்துகினு கீற? பொண்ணுக்குச் சுத்திப் போடு" என்று சொல்லிவிட்டு ஆட்டோ கூப்பிடப் போனார்.

உப்பு ஜாடியில் கையை விட்டேன். அவளை உட்கார வைத்து ஒரு சுற்றுகூட முடித்திருக்க மாட்டேன், என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்மா."

"அப்பா சொல்லிட்டுப் போறாரு இல்ல, உக்காருடி."

அவள் கிட் பையைத் திறந்து கீப்பர் கிளவுஸை எடுத்தாள். விரல் பகுதிக்குள் கையை விட்டுத் துழாவி எதையோ எடுத்து, என் உள்ளங்கையில் உப்பின் மேல் வைத்தாள். ஒரு காய்ந்த மிளகாய். நுனி கிள்ளிய மிளகாய். சுற்றிப் போடுகிற மிளகாயை நான் எப்போதும் நுனி கிள்ளித்தான் எடுப்பேன்.

"மேட்சுக்கு மின்னாடியே பாத்தேன். ஐஸ்ல ஒட்டிக்கினு இருந்தது. சுத்தி ஒரே குழி." தலையைக் குனிந்துகொண்டாள். "சொன்னா உன்னை இன்னா பண்ணுவாங்களோன்னு பயந்துட்டேன். எடுத்து உள்ள போட்டுக்கினு அங்கயே நின்னேன். அந்தப் பொண்ணு வரப்போகூட எனக்குத் தெரியும்மா, அங்க குழி இருக்குன்னு."

ஐயோ, இந்தப் பிள்ளை இத்தனை நாள் இதை எப்படிச் சுமந்தது! அவளைக் காப்பாற்ற நான் மறைத்தேன், என்னைக் காப்பாற்ற அவள் மறைத்தாள். இரண்டு பேருமாகச் சேர்ந்து ஊரான் வீட்டுப் பெண்ணின் கையை உடைத்திருக்கிறோம்.

அவள் போனை எடுத்து கோச்சின் நம்பரை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டாள். "நீ சொல்றியா, நான் சொல்லட்டா?"

"உன் கேம்ப்பு பூடும்டி."

"போவட்டும்."

வாசலில் ஆட்டோ ஹாரன் அடித்தது. இரண்டு தரம் ரிங் போய் கோச் எடுத்தார். "சொல்லுங்க, கிளம்பிட்டீங்களா?" என்றார். என் கை வேர்த்து உப்பு கசிந்துகொண்டிருந்தது.

"சார்," என்றேன், "அந்தப் பொண்ணு தானா வுழல சார். நான்தான் வுழ வெச்சேன்."