தண்ணீர் என்று நான் சொன்ன பாறை

ஒரு தவறைத் தெரிந்தே மூடி மறைத்தேன். கணக்கில் பிழை நேர்வது மனித இயல்பு; நான் ஒப்புக்கொள்வது அதை அல்ல. பிழை புரிந்த பிறகும் வாய் திறக்கவில்லையே... அதை!

உச்சிப்புளி அருகே எங்கள் நிறுவனம் எரிவாயு தேடித் தோண்டிய கிணறு அது. உள்ளே இறக்கும் கருவி, பாறையின் மின்தடையை அளந்து வரும். உப்புநீர் மின்சாரத்தை எளிதில் கடத்தும், வாயு தடுக்கும். பாறைத் துளைகளில் இருப்பது எது என்று கணிப்பது என் வேலை. அதற்கு, அந்த ஆழத்து நீரின் உப்பளவை முதலில் நான் கொடுக்க வேண்டும்.

முதுகுளத்தூர்ப் பக்கக் கிணற்றின் அளவையே கொடுத்தேன். பழக்கம்! அங்கே உப்பு குறைவு, கடலோரமான உச்சிப்புளியில் மிகுதி. துளைகளில் ஒட்டியிருந்த கொஞ்சம் கடும் உப்புநீரே மின்தடையைத் தாழ்த்திவிட, குறைந்த உப்பை வைத்துப் போட்ட கணக்கு அதை நிறைய நீராகக் காட்டியது; பாறை முழுவதும் தண்ணீர் என்று அறிக்கை தந்தேன். கிணற்றை மூடிவிட முடிவானது.

ஜலீல் மட்டும் ஏற்கவில்லை. கீழக்கரைக்காரர், ஒப்பந்தத்தில் இருந்த புவியியலாளர். இந்தக் கிணறு வாயு தந்தால்தான் அவருக்கு வேலை நீடிக்கும். மனைவி அப்போது நிறைமாதம்.

"அக்கா, மூடுறதுக்கு முன்னால ஒருவாட்டி சோதிச்சுப் பாத்துருவோமே" என்றார் கூட்டத்தில்.

"வாயு பாறையில இல்ல ஜலீல், மத்தியானம் நீங்க தின்ன பரோட்டாவுல இருக்கு" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

கிணற்றை நிரந்தரமாக மூடச் சிமெண்ட் இறக்கும் நாள் காலையில்தான் நான் கொடுத்திருந்த தவறான உப்பளவு கண்ணில் பட்டது. திருத்திப் பார்த்தேன். துளைகளில் பாதிக்கு மேல் வாயு என்றது கணக்கு. கையில் தொலைபேசி இருந்தது. ஒரு சொல் போதும், நிறுத்தியிருப்பார்கள்... ஏன் சொல்லவில்லை? வேலை போய்விடும் என்ற அச்சமா? இல்லை. அந்தச் சிரிப்பு என் பக்கம் திரும்பிவிடும் என்பதுதான். அவ்வளவு அற்பமான காரணம்!

சிமெண்ட் இறங்கியது. உண்மையில் வாயு இருந்ததா என்று இனி யாரும் அறிய முடியாது. ஜலீலின் ஒப்பந்தம் முடிந்தது, பிழைப்புக்காகச் சவூதியின் தம்மாமுக்குப் போனார். மகளின் முதல் நடையைக் கைப்பேசியில்தான் பார்த்தாராம்.

இராமேஸ்வரம் செல்லும்போதெல்லாம் அந்த இடத்தைக் கடக்கிறேன். முள்வேலிக்குள் சிமெண்ட் மேடை, மேலே ஆடுகள். எதுவும் தோன்றுவதில்லை... அது எனக்கே விளங்கவில்லை.

பெருநாள்தோறும் ஜலீல் அழைப்பார். இந்த முறையும் அழைத்தார்.

"நீங்க சொன்னதுதான் சரிக்கா. நாந்தான் அன்னிக்கு வீம்பு புடிச்சேன். மனசுல வச்சிருந்தா மன்னிச்சிருங்க."

"அதெல்லாம் அப்பவே மறந்துட்டேன் ஜலீல்" என்றேன்.