நலங்கு வைத்த பிரேக்

என்னைப் பெண் பார்க்க வந்தவன் எங்கள் வீட்டில் இரண்டு தட்டு கேசரி சாப்பிட்டான். போதும் என்று கை மறைக்கவில்லை, மூன்றாவது முறை அம்மா கரண்டியோடு வந்தபோதுதான் வயிற்றைத் தடவிச் சிரித்தான். அப்படிச் சாப்பிட்டுவிட்டுப் போனவன் மறுநாள் தரகரிடம் சொல்லியனுப்பினான்: "எனக்குக் கடைக்காரி வேணாம், வீட்டுக்காரி போதும்."

பெண் கறுப்பு என்றோ பல் எடுப்பு என்றோ சொல்லியிருந்தால் நாலு நாளில் ஆறியிருப்பேன். எல்லோரும் சொல்வதுதானே. ஆனால் இந்த வாக்கியம் கேட்க நன்றாக இருந்தது, அதுதான் வினை. நன்றாக இருக்கிற வசவு சீக்கிரம் பரவும். ஜாலான் பெண்டஹாரா கடைத்தெருவில் புடவை எடுக்கப் போனால் துணி விரித்துப் போடுகிறவர்கூட "வாங்க கடைக்காரம்மா" என்று இளித்தார். அந்தத் தெருவில் எல்லோருமே கடைக்காரர்கள் என்பது அவர்களுக்கு உறைக்கவே இல்லை.

காஜா பேராங் தெருவில் அப்பாவுக்கு மோட்டார் சாமான் கடை. எனக்கு அண்ணன் தம்பி கிடையாது. இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் கடைசிப் பரீட்சை எழுதி முடித்த கையோடு கடையில் நின்றேன். சிங்கப்பூர் ஏஜெண்டுகளோடு இங்கிலீஷில் பேச அப்பாவுக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது, எனக்கும் சமையலறையை விட்டு வெளியே வர ஒரு சாக்கு தேவைப்பட்டது. நான் அடக்கமான பெண் இல்லை. எனக்குத் தெரிந்ததைத் தெரியும் என்று சொல்லுவேன், அதுவும் சத்தமாகச் சொல்லுவேன். பெண் பார்க்க வந்த அன்றும் அவனுடைய பழைய மோட்டார் காடியைப் பற்றி ஏதோ சொல்லித் தொலைத்தேன் என்று அம்மா வெகுநாள் புலம்பிக்கொண்டிருந்தாள்.

அவன் கெட்டு அழிய வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டதில்லை. அதெல்லாம் சாமியிடம் விட்டுவிடுகிறவர்கள் செய்வது. என் கண்ணெதிரில், நாலு பேர் பார்க்க, அவன் தலை குனிய வேண்டும். எனக்கு அவ்வளவு போதும். தேங்காய் துருவும்போதும் தலை வாரும்போதும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவனிடம் சொல்ல வேண்டிய வார்த்தைகளை மனசுக்குள் மாற்றி மாற்றி அடுக்கி வைத்திருந்தேன்.

ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து அவனே கடை வாசலில் வந்து நின்றான்.

மெர்டேக்கா என்கிற சுதந்திரம் வந்த பிறகு தோட்டத்துத் துரைகள் ஒவ்வொருவராகச் சீமைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த காலம் அது. போகிறவர்கள் நாயையும் காடியையும் விற்றுவிட்டுப் போனார்கள். அப்படிப் போன ஒரு துரையிடமிருந்து அவன் ஒரு ஸ்போர்ட்ஸ் காடி வாங்கியிருந்தான். இரண்டு பேர் மட்டும் உட்காரலாம், கூரை கிடையாது, நிறம் கரும்பச்சை. அவன் அப்பாவுக்குப் புக்கிட் ரம்பாய் பக்கம் கித்தா ரப்பர் வியாபாரம், காசுக்குப் பஞ்சமில்லை. அந்தக் காடியின் முன்சக்கரங்களில் டிஸ்க் பிரேக் இருந்தது. அப்போது எங்கள் ஊரில் அது புதுசு. சக்கரத்தோடு சுற்றுகிற ஓர் இரும்புத் தட்டை, பேட் என்கிற இரண்டு கட்டைகள் இரு பக்கமும் கவ்விப் பிடித்து நிறுத்தும். துரை ஓட்டிய ஓட்டத்தில் தட்டு கோணிப்போய் வரிவரியாகக் கோடு விழுந்திருந்தது. பேட்டும் தேய்ந்து தகடாகிவிட்டது.

அப்பா உள்ளே இருந்தார். நான்தான் முன்னால் நின்றேன். அவன் என்னைப் பார்த்தான், பிறகு என் தலைக்கு மேலே இருந்த அலமாரியைப் பார்த்தான்.

"முதலாளி இல்லீங்களா?"

"நான்தான் இருக்கேன். என்ன வேணும்?"

"பிரேக் மிதிச்சா ஸ்டீயரிங் ஒதறுது. டிஸ்க்கு, பேட்டு ரெண்டும் மாத்தணும்."

உட்காரச் சொன்னேன். பெண் பார்க்க வந்தபோது அவன் அம்மா என்னை நடக்கச் சொன்னாள், பாடச் சொன்னாள், கோலம் போடத் தெரியுமா என்று கேட்டாள். இப்போது என் முறை. எந்த ரோட்டில் ஓட்டுவீர்கள், எவ்வளவு வேகம் போவீர்கள், மழையில் எடுப்பீர்களா, பிரேக்கை மிதித்து மிதித்து விடுவீர்களா, மிதித்தபடியே இறங்குவீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். எல்லாம் தேவையான கேள்விதான், ஆனால் அவசியத்துக்கு மேல் நிதானமாகக் கேட்டேன். அவன் நாற்காலி நுனியில் உட்கார்ந்து பதில் சொன்னான்.

"பக்கத்துல யாராச்சும் ஒக்காருவாங்களா?"

"கட்டிக்கப்போற பொண்ணு. சிரம்பான் ஊரு. கல்யாணம் முடிஞ்சு நானே காடியில கூட்டிட்டு வரேன்."

வீட்டுக்காரி கிடைத்துவிட்டாள் போலிருக்கிறது. எனக்கு உள்ளங்கை சுட்டது.

டிஸ்க்கை நகலாகச் செய்து விற்கிறவர்கள் இருந்தார்கள், அதைத் தொட வேண்டாம் என்று சொல்லி, அசல் சிங்கப்பூரிலிருந்து வரும் என்றேன். சரி என்றான். பேட் எங்களிடமே இரண்டு விதம் இருந்தது. துரைகளுக்காக வரவழைத்து, துரைகள் போனபிறகு தங்கிவிட்ட சரக்கு. ஒன்று ரோட்டுக்கு, இன்னொன்று பந்தயத்துக்கு. அவன் யோசிக்கவே இல்லை.

"ரேஸ் ஓடறவன் போடறதையே குடுங்க."

அந்த நிமிஷத்தை நான் நன்றாக அனுபவித்தேன், அதை மறைப்பானேன். பந்தயப் பேட் கல் மாதிரி இருக்கும். சூடேறினால்தான் கவ்வும், குளிர்ந்திருந்தால் வழுக்கும். பந்தயத்தில் விடாமல் மிதித்துச் சூடு ஏற்றிவிடுவார்கள். புக்கிட் ரம்பாயிலிருந்து காலையில் கிளம்பி முதல் முச்சந்தியில் மிதிக்கிறவனுக்கு அது எமன். அவன் வாயாலேயே கேட்கிறான். எடுத்துக் கொடுத்தால் முடிந்தது. கேட்டதைத்தான் கொடுத்தேன் என்று எந்தக் கோயிலிலும் சத்தியம் செய்யலாம், அது பொய்யும் இல்லை. கை அந்தப் பெட்டி வரைக்கும் போனது.

எடுக்கவில்லை. பக்கத்து சீட்டில் உட்காரப்போகிற சிரம்பான்காரி எங்கள் வீட்டுக் கேசரியைத் தின்றவள் இல்லை. அவளை ஒருவன் பார்த்து, பிடித்திருக்கிறது என்று சொல்லியிருக்கிறான், அவ்வளவுதான் அவள் செய்த குற்றம். இன்னொரு காரணமும் உண்டு. அது அவ்வளவு அழகானதில்லை. செத்துப்போனவனைப் பழி வாங்க முடியாது.

அதனால் அங்கே நின்றிருந்த டாக்சிக்காரர்களுக்கும் லோரிக்காரர்களுக்கும் கேட்கிற மாதிரி, "ரேஸ் பேட் போட்டா மொதல் மொனையிலயே லோங்காங்குல கெடப்பீங்க. ஒங்களுக்கு ரோட்டுப் பேட்டே ஜாஸ்தி" என்றேன். சாக்கடையில் கிடக்கிற அவனை நினைத்து வாசலில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவன் தலையாட்டினான். அந்தச் சிரிப்பு எனக்குப் பத்தவில்லை.

டிஸ்க் வந்து சேர்ந்ததும் எல்லாவற்றையும் கட்டிக் கொடுத்தேன். "டிஸ்க்குல துரு பிடிக்காம இருக்க எண்ணெ தடவியிருக்கும், பெட்ரோல் போட்டுத் தொடைச்சிட்டு மாட்டச் சொல்லுங்க. பேட்டுல மட்டும் ஒரு சொட்டு எண்ணெ படக்கூடாது. ஊறிக்கும்" என்று இரண்டு தரம் சொன்னேன். தெரியும் தெரியும் என்று வாங்கிக்கொண்டு போனான்.

ஒரு வாரம்கூட ஆகவில்லை, லோங்காங்கில் கிடந்தான்.

பெரிய அடி இல்லை. முச்சந்தியில் மிதித்திருக்கிறான், காடி நிற்காமல் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய்ச் சாக்கடையில் மூக்கைக் குத்தியிருக்கிறது. நெற்றியில் வீக்கம். கல்யாணத்துக்குச் சில நாள் இருக்கும்போது மாப்பிள்ளை நெற்றியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டு காப்பிக்கடையில் உட்கார்ந்து அவன் சொன்னானாம்: "வேணாம்னு சொன்னேன்ல, கடைக்காரி பழி வாங்கிட்டா."

ஊர் உடனே நம்பியது. ஏன் நம்பாது? எனக்குக் கோபம் உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். சாமான் என் கையால் போனது என்பதும் தெரியும். லோங்காங்கில் கிடப்பாய் என்று நாலு பேர் முன்னால் என் வாயாலேயே சொல்லியிருந்தேன். பல வருடமாக எங்களிடமே வாங்குகிற டாக்சிக்காரர் ஒருவர் பிரிக்காத பிரேக் லைனிங் பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, "வேற எடத்துல பாத்துக்கறேம்மா, தப்பா நெனைக்காதீங்க" என்றார். பிரேக் சாமான் விற்கிற கடைக்கு அதைவிட ஒரு சாவு கிடையாது. பிரேக் என்பது நம்பிக்கைக்கு விற்கிற பொருள்.

அன்று சாயங்காலம் சாப்பிடும்போது அப்பா தட்டைப் பார்த்தபடி கேட்டார்.

"ஏம்மா, எதையாச்சும் மாத்திக் கீத்திக் குடுத்திட்டியா? கோவத்துல... சொல்லும்மா, அப்பா பாத்துக்கறேன்."

திட்டியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவர் கனிவாகக் கேட்டார். நான் செய்திருப்பேன் என்று முடிவு கட்டி, மன்னிக்கவும் தயாராகி, அதற்குப் பிறகு கேட்டார். பந்தயப் பேட் பெட்டி மேல் என் கை போய்த் திரும்பியது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் என்ன கேட்டிருப்பாரோ. நான் தட்டிலேயே கை கழுவிவிட்டு எழுந்துபோனேன்.

மறுநாள் காலை அவனுடைய அம்மாவே வந்தாள், மகனையும் இழுத்துக்கொண்டு. காடியைப் பிரித்த மெக்கானிக்கும் பின்னால் வந்தார். அவர் பக்கத்தில் செட்டிக் கம்பம் என்கிற குடியிருப்புக்காரர், தலைமுறைகளாகப் பொட்டு வைத்துக்கொண்டு மலாய் பேசுகிற செட்டிகளில் ஒருவர். கழற்றிய பேட்டுகளைக் காகிதத்தில் சுற்றிக் கையில் வைத்திருந்தார். அந்த அம்மாள் நேராகத் தெருவில் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளினாள்.

"எம் புள்ளைய எமனுக்கு அனுப்பப் பாத்தவளே, நீ வெளங்குவியா? இந்தக் கடை வெளங்குமா?"

தூற்றுவதற்குக் கை ஓங்கிவிட்டாள். தெரு கூடிவிட்டது. அப்பா கும்பிட்டபடி, "அம்மா, பொறுங்கம்மா, பேசிக்கலாம்மா" என்று இறங்கிப்போனார். அந்தக் கும்பிடு எனக்கு மண்ணைவிட மோசமாக இருந்தது.

நான் மெக்கானிக்கிடம் கை நீட்டி ஒரு பேட்டை வாங்கிப் பார்த்தேன். எங்கள் சரக்குதான், ரோட்டுப் பேட்தான். ஆனால் முகம் கறுத்து மினுமினுத்தது. மோந்து பார்த்தேன். உடனே உள்ளே போய், தேத்தண்ணி போடுகிற மண்ணெண்ணெய் ஸ்டவ்வைத் தூக்கிவந்து வாசலில் வைத்துப் பற்றவைத்தேன். இடுக்கியால் பேட்டைப் பிடித்துத் தீயில் காட்டினேன். "கடைக்காரிக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சு" என்று யாரோ சொன்னார்கள்.

கொஞ்ச நேரத்தில் பேட்டுக்குள்ளிருந்து எண்ணெய் முத்து முத்தாகக் கிளம்பியது. புகை வந்தது. அது மோட்டார் எண்ணெய் வாசனை இல்லை. தோசைக்கல்லில் நல்லெண்ணெய் காய்கிற வாசனை, கூடவே சந்தனம். மெக்கானிக் குனிந்து மோந்துவிட்டு, "மிஞ்ஞாக்!" என்றார். எண்ணெய் என்பதற்கு எங்கள் தெருவில் மொழிபெயர்ப்பு தேவையில்லை.

"நல்லெண்ணெ எங்கேர்ந்து வந்துச்சு?" என்று அவனைப் பார்த்துக் கேட்டேன். அவன் காடிச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தான். சாவி நின்றது.

பதில் சொன்னது அவன் அம்மா. மண்ணைக் கையில் வைத்துக்கொண்டே, பெருமையாகவே சொன்னாள்.

"நலங்கு எண்ணெ. மருமக ஏறப்போற காடியில்ல? மாப்பிள்ளைக்கு நலங்கு வைக்கறப்ப அந்தப் புது சாமானுக்கும் சேத்து வச்சோம். சுமங்கலிங்க அத்தன பேரும் அருகம்புல்லால தொட்டு வச்சாங்க. அதுல என்ன தப்பு?"

கூட்டத்தில் முதலில் ஒரு லோரிக்காரர் வெடித்தார். பிறகு தெருவே சிரித்தது. பிரேக்குக்கு நலங்கு வைத்த கதை அன்று மத்தியானத்துக்குள் ஜாலான் பெண்டஹாரா வரைக்கும் போயிருக்கும். அந்த அம்மாளுக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. மகன் பக்கம் திரும்பி, "நீதானேடா பொட்டலத்தப் பிரிச்சு தாம்பாளத்துல வச்ச? அப்பறம் துணியால தொடைச்சும் எடுத்துக்கிட்டுப் போனியே!" என்றாள்.

ஆக, அவனுக்குத் தெரியும். எண்ணெய் படக்கூடாது என்று என் வாயால் கேட்டவன், அம்மாவிடம் வேண்டாம் என்று சொல்லத் துணிச்சல் இல்லாமல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். சாக்கடையில் விழுந்தபிறகு அம்மாவைச் சொல்ல வெட்கப்பட்டு என்னைச் சொல்லியிருக்கிறான். கடைக்காரி மேல் சொன்னால் ஒட்டிக்கொள்ளும் என்று தெரிந்தே சொல்லியிருக்கிறான்.

நான் கேட்டது எல்லாம் ஒரே நேரத்தில் கிடைத்தது. நாலு பேர் இல்லை, தெருவே பார்த்தது. அவன் தலை குனிந்தது. அடுக்கி வைத்திருந்த வார்த்தைகளெல்லாம் நாக்கு நுனியில் நின்றன. எதிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று வாயைத் திறந்தேன்.

அதற்குள் அப்பா முந்திக்கொண்டார். கும்பிட்ட கை இடுப்புக்குப் போய்விட்டது. குரல் ஏறியிருந்தது. கூட்டத்தைப் பார்த்துச் சுற்றிச் சுற்றிச் சொன்னார்:

"எம் மகளப் பத்தி எனக்குத் தெரியாதா? யாரு என்ன சொன்னாலும் நான் ஒரு நிமிசம் நம்பல. ஒரு நிமிசம்!"

"நேத்து நீங்களும்தானே கேட்டீங்க, அப்பா" என்றேன்.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் எல்லோருக்கும் கேட்டது. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். அவன் அம்மா கையிலிருந்த மண்ணை மெதுவாகக் கீழே விட்டாள். அப்பா என்னைப் பார்த்தார், பிறகு குனிந்து ஸ்டவ்வை அணைத்தார். அது சூடாக இருந்திருக்கும், வெறுங்கையாலேயே தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

புதுப் பேட் எடுத்துக் கொடுத்தேன், அவனுக்குக் கல்யாணமும் ஆயிற்று. அப்பா கடைசிவரை அந்தப் பேச்சை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அவன் தலை குனிவதைப் பார்க்க ஒரு வருடம் காத்திருந்தவள் நான். இப்போது நினைத்துப் பார்த்தால் அவன் முகமே ஞாபகம் வரவில்லை. வருவது அப்பாவின் முகம்தான். தெருவில் அவரை அப்படிச் சொன்னதில் வருத்தமா என்று கேட்டால், இல்லை. அந்தச் சாயங்காலம் என்னைக் கேட்டது அவர்தான்.