குப்பைமேனி வேருக்கு ஒரு கும்பிடு

இன்று பூனை வளர்ப்போர் குழுவில் ஒருவர் கேட்டிருந்தார்: "தொட்டியில் குப்பைமேனி முளைத்திருக்கிறது. பூனைக்கு ஆபத்தா?"

எண்பதுகளில் ஏற்காடு கொட்டச்சேட்டில் அப்பா காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். எங்கள் பூனை குட்டி போட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை. வாசலில் அந்த இலையைத் தின்று வாந்தி எடுத்தது.

அம்மா பதறிப்போய், களையெடுக்க வந்த பாப்பாத்தியக்காவிடம், "விஷச்செடி. ஒண்ணு விடாம வேரோட பிடுங்கிருங்க" என்றார்.

"விசமில்லீங்க. வயித்துல சேந்த முடியக் கக்குதுங்க. வேர வெளிய எடுத்தாத்தான் வம்புங்க."

அம்மா கேட்கவில்லை. பாப்பாத்தியக்கா பிடுங்கிக் குவித்தார்.

குட்டிகளை விட்டுவிட்டு ஓடிவந்தது எங்கள் பூனை. பின்னாலேயே காப்பிக்காட்டிலிருந்து, நாங்கள் பார்த்தேயிராத நாலு பூனைகள். எல்லாம் அந்த வேர்களில் நெற்றியைத் தேய்த்துப் புரண்டன. சண்டையில்லை, சீறலில்லை. அம்மா தன்னையறியாமல் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

குழுவில் "மருத்துவரைக் கேளுங்கள்" என்று எழுதிவிட்டு, கீழே போய் ஒரு செடியை வேரோடு பிடுங்கி வந்தேன்.

என் பூனை நான்காம் மாடியில் பிறந்தது. மண்ணை மிதித்ததே இல்லை. வேரைக் கண்டதும் நெற்றி தரையில் பட விழுந்தது.

இதை அதற்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஆறு வருடமாகச் சோறு போடும் எனக்கு இன்னும் ஒரு கும்பிடு விழவில்லை.