கூட்டம் எத்தனை மணிக்கு?

பஸ் கல்லடிப் பாலத்தில் போய்க்கொண்டிருந்தபோது எங்கள் வாவி மீனவர் சங்கத் தலைவர் அழைத்தார். “தேவமலர் மிஸ் மோசம் போயிட்டா. சனிக்கிழமை காலையில அஞ்சலிக் கூட்டம் வைப்பம். செயலாளர் நீங்கதானே, எல்லாருக்கும் அறிவியுங்க.” சரி என்றேன். இறங்கவேண்டிய தரிப்பைத் தவறவிட்டேன்.

சமூகவியல் விரிவுரையாளர் தேவமலரை உங்களில் பலர் வகுப்பறையில் அறிந்திருப்பீர்கள். நான் அறிந்தது சங்கக் கட்டடத்தில். ஆய்வுக்கு வந்தவரிடம் சங்க விதிகள் அடங்கிய யாப்பைப் பெருமையோடு நீட்டினேன். பெண்களுக்குச் சம வாக்குரிமை என்று அதில் எழுதியவன் நான்.

“நல்லா எழுதியிருக்கிறீங்க. கூட்டம் எத்தனை மணிக்கு?”

“சனிக்கிழமை காலை ஒன்பதுக்கு.”

“அந்த நேரம் மீன் விக்கிற பொம்பிளைகள் எங்க நிப்பாங்க?”

“சந்தையில” என்றேன். குரல் இறங்கிவிட்டது. மூன்று கூட்டங்களுக்கு வராதவர் வாக்குரிமை இழப்பார் என்பதும் அதே யாப்பில் இருந்தது. எனக்கு அலுவலக விடுமுறை என்பதால் சனிக்கிழமையைத் தெரிவுசெய்ததும் நான்தான்.

“ஒருத்தரும் அவங்களத் தடுக்கல்ல. மணிக்கூடு தடுத்திருக்கு” என்றார். ஆண்களின் வாக்கில் சங்கத் தலைவரானவர்களே பிரதேச சபைத் தேர்தலில் நின்றார்கள், வென்றார்கள். தோணிகளுக்கு இறங்குதுறை வந்தது. மீன் சந்தைக்குக் கூரை வேண்டும் என்று சபையில் யாரும் வாய் திறக்கவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. “விருப்பமெண்டா வரலாம்தானே?” என்றேன்.

“நீங்க ஒரு நாள் வேலைக்குப் போகாம கூட்டத்துக்கு வாங்களன், பாப்பம்.”

பிறகு எங்கே கண்டாலும், “நேரம் மாறிட்டா?” என்று கேட்பார். நான் சிரித்து மழுப்புவேன். அவர் உயிரோடிருந்தவரை மாற்றவில்லை. அதற்காக வெட்கப்படுகிறேன்.

அஞ்சலிக் கூட்டத்துக்கான அறிவித்தலில் ஞாயிறு மாலை நான்கு மணி என்று எழுதினேன். தனக்கு வசதியில்லை என்று தலைவர் முகம் சுளித்தார். ஆனாலும் வந்தார். முன்வரிசைகளில் பெண்கள் நிறைந்திருந்ததால் பின்னால்தான் அவருக்கு இடம் கிடைத்தது.

இரங்கல் உரைகள் முடிந்ததும் மீன் விற்கும் பூமணி எழுந்தார். “மிஸ்ஸப் பத்திப் பேச எனக்குத் தெரியாது. சங்கக் கூட்டமும் இனி இந்த நேரந்தானே?”

தலைவர் என்னைப் பார்த்தார். “ஓம்” என்றேன். குறிப்புப் புத்தகத்திலும் எழுதினேன்.

தேவமலரிடமிருந்து நான் வைத்திருப்பது அவருடைய கேள்வி ஒன்றைத்தான். பதில் இப்போது என்னிடம் இருக்கிறது. கேட்க அவர் இல்லை.