மேடை விளக்கை அணைத்த வெர்டி

நான் யாரையும் லேசில் புகழ்கிறவன் இல்லை. பள்ளிக்கூட வாசலைச் சரியாகப் பார்க்காதவன். நெல் வயலில் கூலியாக நின்று, லூசியானாவின் இந்த மூலையில் ஒரு நெல் கிடங்கை வாங்கி, இந்தக் கையாலேயே பலகை அடித்து நடனக் கூடம் ஆக்கினேன். அக்கார்டியன் வைத்து ஆட்டத்துக்கு வாசிக்கிற எங்கள் சைடிகோ இசையில், என் கூடத்தில் வாசிக்காதவன் பாட்டுக்காரனே இல்லை. அப்பேர்ப்பட்ட இந்த ஓவீட், ஒருத்தியைப் பார்த்து வாயடைத்து நின்றேன் என்றால், அவள் யாரென்று சொல்ல வேண்டாமா? வெர்டி. பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறவள்.

எங்கள் அக்கார்டியன்காரர் நோயல் பக்கவாதம் வந்து ஓய்ந்துபோயிருந்தார். அவரை மறுபடி மேடையேற்ற வெர்டிதான் கிளம்பினாள். அவர் ஒரே நிபந்தனை போட்டார். ஜனங்கள் ஆடினால் வாசிப்பாராம். ஆடாவிட்டால் அக்கார்டியனைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிடுவாராம், அதோடு சரி. எங்களுக்குள் கைதட்டுக்கு மதிப்பில்லை. ஆடுகிற தரை காலியாகக் கிடந்தால் வாசிக்கிறவனுக்கு அதைவிட அவமானம் கிடையாது.

நிகழ்ச்சி என்றால் ஆளைப் பிடி, கதவைத் திற என்றுதான் நான் இருந்தேன். அவள் முதலில் பிடித்தது குதிரைச் சவாரிச் சங்கத்தை. ஞாயிற்றுக்கிழமைச் சவாரி என் வாசலில் வந்து முடிகிற மாதிரி பாதையைத் திருப்பினாள். காலையிலிருந்து சேணத்தில் இருந்தவனுக்குக் கால் சும்மா இருக்காது, பாருங்கள். தகரச் சுவரில் சத்தம் எகிறக்கூடாதென்று வீடு வீடாகப் போர்வை வாங்கி வந்து தொங்கவிட்டாள். கம்போக் குழம்பு அண்டாவைக் கூடத்தின் மறுகோடியில் வைத்தாள், பசித்தவன் தரையைக் கடந்துதான் போயாக வேண்டும். பூட்ஸ் வழுக்கிக்கொண்டு போகத் தரையில் மக்காச்சோள மாவைத் தூவினாள். கடைசியில் என் நாற்காலிகளைத் தூக்கி வெளியே போட்டாள். அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது.

"உக்கார எடம் இல்லாம எவன் வருவான்?" என்றேன்.

"உக்காரணும்னா சர்ச்சுக்குப் போகட்டும், மிஸ்டர் ஓவீட்," என்றாள், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குதிரைகள் வந்தன. கூடம் நிறைந்தது. மேடையில் விட்டுவைத்த ஒரே நாற்காலியில் நோயல் உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்தார். இடது கை கொஞ்சம் பின்தங்கியது, ஆனால் சுதி பழைய சுதிதான்.

ஒருவரும் ஆடவில்லை.

எல்லாரும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு மேடை ஓரம் வந்து நின்றார்கள். சிலர் கண்ணைத் துடைத்தார்கள். அத்தனை பேரும் மரியாதைக்காக நின்றவர்கள். அந்த மரியாதைதான் நோயலைக் கொன்றுகொண்டிருந்தது. ஒரு பாட்டு முடிந்தது. இரண்டாவதும் அப்படியே. நோயல் வெர்டியைக் கூப்பிட்டார். பக்கத்தில் நின்ற என் காதிலும் விழுந்தது.

"என்னைப் பாக்க வந்திருக்காங்கம்மா. நான் என்ன பொணமா?"

கையை அக்கார்டியன் வாரிலிருந்து உருவப்போனார்.

"ஒரே ஒரு பாட்டு, நோயல்," என்றாள் வெர்டி. நேராகச் சுவர்ப்பக்கம் போய் மேடை விளக்கை அணைத்தாள். மேடைக்குப் பின்னாலிருந்த ஜன்னலிலும் ஒரு போர்வையை இழுத்துவிட்டாள். வெளிச்சம் தரைக்கு மேலே மட்டும் நின்றது. மேடையில் ஆள் இருப்பதே தெரியவில்லை.

இருட்டுக்குள்ளிருந்து அக்கார்டியன் எழுந்தது. தாளத்துக்காகத் தகரப் பலகையை மார்பில் மாட்டிய பையன் அதைக் கரண்டியால் உரச ஆரம்பித்தான். பார்ப்பதற்கு ஆள் இல்லாததால் ஜனங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வெர்டி என் கையைப் பிடித்து இழுத்தாள். என் முழங்கால் போனது ஊருக்கே தெரியும். ஆனாலும் ஆடினேன், நன்றாகவே ஆடினேன். எங்களுக்குப் பின்னால் ஒரு ஜோடி, பிறகு சவாரிக்காரர்கள். கொஞ்ச நேரத்தில் நான் அடித்த தரைப் பலகை காலுக்கடியில் மூச்சுவிட்டது. மனிதரும் கையும் நோயும் எல்லாம் மறைந்து, கூடமே வாசிப்பது போலிருந்தது. எத்தனையோ பெரிய ராத்திரிகளைப் பார்த்த கூடம் அது. இப்படி ஒரு பகலைப் பார்த்ததில்லை.

முடிந்ததும் நோயல் வியர்வையோடு இறங்கி வந்தார். வெர்டி நாற்காலிகளை உள்ளே எடுத்துவரக் கிளம்பினாள்.

"அது அங்கயே கெடக்கட்டும்," என்றார் அவர். "அடுத்த ஞாயித்துக்கெழமையும் ஆடத்தானே வரப்போறாங்க, எதுக்கு நாற்காலி?"